புகைபோக்கி இல்லாத தெருக்கள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஆஸ்திரியாவின் வடகிழக்கு மூலையில், டான்யூப் ஆற்றுக்கு வடக்கே செக் நாட்டு எல்லை வரை பரந்து கிடக்கும் பகுதிக்கு வைன்ஃபியர்டல் என்று பெயர். திராட்சையும் கோதுமையும் விளைகிற சீமை. அங்கே ஒரு கிராமத்தைத் தாண்டி மேட்டுப் பக்கம் போகும் வண்டிப்பாதையில் நடந்தால், ஊருக்கு வெளியே இன்னொரு தெரு எதிர்ப்படும். இரண்டு பக்கமும் சுண்ணாம்பு அடித்த சிறு சிறு வீடுகள். ஓட்டுக்கூரை இருக்கும், கனத்த மரக்கதவு இருக்கும், புகைபோக்கி மட்டும் இருக்காது. அங்கே யாரும் குடியிருப்பதில்லை, அடுப்பு மூட்டுவதுமில்லை. திராட்சையைப் பிழிந்து ஒயின் செய்து வைக்கிற நிலவறைகளின் முகப்புகள் இவை. இவைதான் கெல்லர்காஸ எனப்படும் நிலவறைத் தெருக்கள். இந்தப் பகுதி அடங்கிய லோயர் ஆஸ்திரியா மாநிலத்தில் 1,000-க்கும் மேற்பட்ட தெருக்கள் இப்படி இருக்கின்றன. ஹாட்ரஸ் என்ற ஊரில் ஒரே தெரு ஏறக்குறைய 1.6 கி.மீ. நீளத்துக்குப் போகிறது.

ஒயின் என்றதும் குடியைப் பற்றிய பேச்சு என்று யாரும் எண்ண வேண்டாம். உழவர்கள் தங்கள் கையாலேயே கட்டிக்கொண்ட கட்டடங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கோட்டைக்கும் தேவாலயத்துக்கும் பாதுகாப்புக் கேட்க ஆள் உண்டு. வேலைக்காக எழுந்த இந்த மாதிரிக் கட்டடங்களுக்கு, அந்த வேலை போன பிறகு யார் பொறுப்பு? என் கவலை அதுதான்.

முதலில் மண்ணைப் பார்ப்போம். பனியுகத்தில் காற்று அள்ளிவந்து குவித்த நுண்ணிய மண் அது. பள்ளிப் புத்தகத்தில் காற்றடி வண்டல் என்று படித்திருப்பீர்கள். வெளிர் மஞ்சள் நிறம். மண்வெட்டியால் சுலபமாக வெட்டலாம், வெட்டிய சுவர் செங்குத்தாக அப்படியே நிற்கும். வண்டிச்சக்கரமும் மழைநீரும் தலைமுறை தலைமுறையாக அறுத்து அறுத்துப் பாதையே பள்ளமாக இறங்கிவிட்டது. இரு பக்கமும் சுவர் போல மண் எழுந்து நின்றது. அப்புறம் என்ன, பக்கவாட்டில் குடைந்து போக வேண்டியதுதான். கிராமங்கள் பள்ளத்தாக்கில், ஓடை ஓரத்தில் இருந்ததால் வீட்டுக்கு அடியில் தோண்டினால் தண்ணீர் ஊறும். மேட்டில் அந்தத் தொல்லை இல்லை. தெரு ஊரை விட்டுத் தள்ளி அமைந்ததற்கு இது பெரிய காரணம்.

கதவைத் திறந்தால் முன்னால் பிழியும் அறை. சுவர் பெரும்பாலும் சுடாத மண்கல். தெருவைப் பார்த்த சுவரில் ஒரு துளை விட்டிருப்பார்கள். வண்டியில் வந்த திராட்சையை வெளியிலிருந்தே அதன் வழியே உள்ளே கொட்டலாம். அறையை அடைத்துக்கொண்டு மரப் பிழிபொறி கிடக்கும். முழு மரத்தையே நெம்புகோலாக்கி, ஒரு முனையில் மரத்திருகாணி, அதன் அடியில் பெரிய பாறாங்கல். திருகாணியைச் சுற்றச் சுற்றக் கல் தரையை விட்டு எழும்பும், அதன் பாரம் முழுவதும் திராட்சை மேல் இறங்கும். உத்தரத்தில், பொறியைச் செய்த ஆண்டைச் செதுக்கி வைத்திருப்பார்கள்.

அதற்குப் பின்னால்தான் நிலவறை. படியிறங்கிப் போனால் நீண்ட குகை. கோடையோ பனிக்காலமோ, 8 முதல் 12 டிகிரிக்குள் நிற்கும் குளிர். சுவர் மேல் கறுப்பாக ஒரு பூஞ்சணம் படர்ந்திருக்கும். தொட்டால் கம்பளி போல மெத்தென்று இருக்கும். பீப்பாயிலிருந்து கசியும் சாராய ஆவிதான் அதற்கு உணவு. அந்தப் பூஞ்சணம் இருந்தால் நிலவறை ஆரோக்கியமாக இருக்கிறது என்பார்கள். மேலே தரைமட்டம் வரை காற்றுக்குழாய் ஒன்று போகும். அது அடைபட்டால் எல்லாம் கெட்டுவிடும்.

இவ்வளவும் உழவன் கைக்கு வந்தது எப்போது? பெரிய நிலவறைகள் வெகுகாலம் மடங்களிடமும் நிலப்பிரபுக்களிடமும் இருந்தன. உழவன் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை அளந்தாக வேண்டும். 1784-இல் பேரரசர் இரண்டாம் ஜோசப், தான் விளைவித்த ஒயினைத் தானே சில்லறையாக விற்கும் உரிமையை எல்லோருக்கும் கொடுத்தார். வாசலில் பசுங்கொம்பு தொங்கினால் விற்பனை நடக்கிறது என்று அர்த்தம். அந்த வழக்கம் இன்றும் இருக்கிறது. 1848-இல் நிலப்பிரபுக்களின் ஆதிக்கமும் தசமபாகமும் ஒழிந்தன. நான் பார்க்கிறபடி, இந்தச் சின்னக் கதவுகள் ஒவ்வொன்றும் அந்த விடுதலையின் அடையாளம். 1945 ஏப்ரலில் சண்டை அந்த வட்டாரத்தைக் கடந்தபோது மக்கள் ஒளிந்துகொண்டதும் இந்த நிலவறைகளில்தான்.

திராட்சையின் வேரை அரிக்கும் ஃபிலாக்ஸெரா பூச்சி 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோட்டங்களை அழித்தது. அதிலிருந்து மீண்டார்கள். டிராக்டர்தான் தெருவை வெறிச்சோட வைத்தது. லென்ஸ் மோசர் என்ற ஆஸ்திரியத் திராட்சை வேளாளர் பரப்பிய முறைப்படி, 1950-களிலிருந்து கொடிகளை உயரமாக, அகன்ற வரிசையில் நட்டார்கள். இயந்திரம் உள்ளே புகுந்தது, தோட்டங்கள் பெரிதாயின. துருப்பிடிக்காத எஃகுத் தொட்டிகள் வந்த பிறகு பிழிவதும் நொதிக்கவைப்பதும் ஊருக்குள் இருக்கும் பெரிய கொட்டகைக்குப் போய்விட்டன. அந்த உழவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். குறுகிய படியில் பீப்பாய் உருட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

ஆனால் பூட்டிய நிலவறை சீக்கிரம் சாகும். காய்ந்திருக்கும் வரை கல் போல நிற்கிற அந்த மண், நனைந்தால் இளகிச் சரிந்துவிடும். கூரையில் ஓர் ஓடு விலகினால் போதும், தண்ணீர் மண்சுவருக்குள் இறங்கும். மேலே முளைக்கிற மரத்தின் வேர் விரிசல் விடும். பழுது பார்க்கிறேன் என்று சிமெண்ட் பூசுவார்கள் பாருங்கள், அது இன்னும் மோசம். ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் உள்ளுக்குள்ளேயே உளுத்துவிடும். சுண்ணாம்பும் மண்பூச்சும்தான் அதற்கு மருந்து. வருடா வருடம் ஏணி வைத்து ஏறிப் பார்க்கிற ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஆள் அங்கே திரும்பி வருகிறார் என்பது எனக்கு மகிழ்ச்சி. தெருவைச் சுற்றிக்காட்டப் பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் இருக்கிறார்கள், பலரும் உள்ளூர்க்காரர்கள். கோடையில் தெருவிலேயே மேசை போட்டு விழா நடக்கிறது. 2002 விளைச்சலிலிருந்து, க்ரூனர் வெல்ட்லினர் என்ற திராட்சை வகையில் செய்த அந்த மண்ணின் ஒயின் வட்டாரப் பெயரோடு விற்பனைக்கு வந்ததும் உதவியது. சில இடங்களில் வார இறுதி வீடாக மாற்றிப் பெரிய ஜன்னல் வைக்கிறார்கள். அது எனக்கு உடன்பாடில்லை. ஜன்னல் வந்தால் வெயில் வரும், குளிர் போய்விடும். நிலவறை இருப்பதே அந்தக் குளிருக்காகத்தானே?

போக நினைப்பவர்கள் ஈஸ்டர் திங்கட்கிழமையில் போங்கள். திராட்சைத் தோட்ட உரிமையாளர்கள் தங்களிடம் உழைத்தவர்களை நிலவறைக்கு அழைத்து விருந்து வைத்த நாள் அது. இன்றும் குடும்பம் குடும்பமாக நடக்கிறார்கள். அறுவடை முடிந்த வாரங்களில் போனால், கதவு திறந்திருக்கிறதே என்று தனியாகப் படி இறங்காதீர்கள். ஒரு லிட்டர் சாறு நொதிக்கும்போது 40 லிட்டருக்கு மேல் கரியமில வாயு வெளியாகும். அது கனமானது, நிலவறையின் அடியில் போய்த் தேங்கும். அந்தக் காலத்தில் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். அது அணைவதற்கு முன்பே மூச்சு திணறக்கூடும் என்பதால் இப்போது வாயுவை அளக்கும் கருவி வைத்திருக்கிறார்கள். வாசலில் நின்று குரல் கொடுங்கள், உரிமையாளர் வந்து அழைத்துப் போவார்.