பனிக்குக் காத்திருந்த கூரை

நண்பர்களே, வணக்கம்.

இங்கிலாந்தின் பழைய கட்டடம் என்றால் நாம் கோட்டையையும் பிரபுக்களின் மாளிகையையும்தான் நினைப்போம். நான் இன்று பேச வந்திருப்பது ஒரு விவசாயியின் வீட்டைப் பற்றி. ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில், தேம்ஸ் நதி இன்னும் சின்ன ஆறாகவே ஓடுகிற இடத்தில், கெல்ம்ஸ்காட் என்று ஒரு கிராமம். அங்கே இருக்கிறது கெல்ம்ஸ்காட் மேனர். பெயரைக் கேட்டு ஜமீன் பங்களா என்று நினைத்துவிடாதீர்கள். 1600ஆம் ஆண்டை ஒட்டி டர்னர் என்ற விவசாயக் குடும்பம் கட்டிய வீடு அது. மேனர் என்ற பட்டம் 19ஆம் நூற்றாண்டில் வந்து ஒட்டிக்கொண்டது.

சுவர் அந்த வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல். இந்த வகைச் சுவரை இரண்டு முகமாகக் கட்டுவார்கள். நடுவே கல்துண்டும் காரையும் போட்டு நிரப்பி, இரண்டு முகத்தையும் சேர்த்துப் பிடிக்க அங்கங்கே குறுக்காக ஒரு நீளக் கல் வைப்பார்கள். செதுக்கிய கல் மூலைகளுக்கும் ஜன்னல்களுக்கும் மட்டும்தான். ஜன்னல் தலைக்கு மேலே மெல்லிய கல் விளிம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பார்க்க அலங்காரம் போல இருக்கும்; சுவரில் வழிகிற மழைத்தண்ணீரை ஜன்னலுக்குள் இறங்காமல் ஓரமாகத் தள்ளிவிடுவதுதான் அதன் வேலை.

சரி, கூரைக்கு வருவோம். எனக்கு அந்த வீட்டில் ஆகப் பிடித்தது அதுதான். மேலே கிடப்பதும் கல். ஒவ்வொரு ஓடும் கல்லைத் தகடு தகடாகப் பிளந்து எடுத்தது. அதே ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் ஸ்டோன்ஸ்ஃபீல்ட் என்ற ஊர் இந்த ஓட்டுக்குப் பேர்போனது. அந்த நாட்களில், இலையுதிர் காலத்தில் குழிக்குள் இறங்கிப் பாளம் பாளமாகக் கல்லை வெட்டி மேலே கொண்டுவருவார்கள். அதைக் காயவிடக் கூடாது, ஈரம் போகாமல் காக்க வேண்டும். அப்புறம் பனிக்காகக் காத்திருப்பார்கள். உறைபனி விழும் இரவில் தேவாலய மணி அடிக்கும். ஊரே படுக்கையை விட்டு எழுந்து ஓடிப்போய்க் கல்லின் மேல் தண்ணீர் ஊற்றும். கல்லின் மெல்லிய அடுக்குகளுக்குள் இருக்கிற நீர் உறைந்து விரியும்போது கல் அடுக்கடுக்காகத் தளர்ந்துவிடும். பிறகு சுத்தியலால் தட்டிப் பிரித்தால் போதும். பனி விழாத குளிர்காலம் என்றால் அந்த வருடம் ஓடு கிடையாது.

இப்படிக் கிடைக்கும் ஓடு ஒரே அளவில் வராது. அதற்கு அந்த ஊர்க் கூரைக்காரர்கள் கண்ட வழியைப் பாருங்கள். பெரிய ஓடுகளை இறவாணத்தில், அதாவது கூரையின் கீழ் விளிம்பில் வைத்தார்கள். மேலே போகப் போகச் சிறியவை. முகட்டுக்குக் கீழே உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. ஒவ்வொரு அளவுக்கும் ஒரு பெயர் உண்டு. ‘பேச்சலர்’ என்றுகூட ஒரு ஓட்டுக்குப் பெயர்! தலைப்பக்கம் ஒரு துளை போட்டு, அதில் ஓக் மர முளையைச் செருகி, ரீப்பரில் மாட்டிவிடுவார்கள். கல் தண்ணீரை உறிஞ்சும் என்பதால் மழை நிற்காமல் ஓடிவிட வேண்டும். அதனால்தான் கூரை அத்தனை செங்குத்து, பெரும்பாலும் 50 டிகிரியை ஒட்டி. கூரைச் சரிவுக்குத் தகுந்தபடி சுவரும் முக்கோணமாக உயர்ந்துவிடுகிறது. நாம் அழகு என்று படம் எடுக்கிற முகப்புக்குக் காரணம் அந்தக் கல்லின் குணம்.

1871இல் வில்லியம் மாரிஸ் இந்த வீட்டுக்குக் குடக்கூலிக்கு வந்தார். துணிகளுக்கும் சுவர்த்தாள்களுக்கும் கொடியும் பூவுமாக வடிவங்கள் வரைந்த அதே மாரிஸ்தான். வாடகைக்கு வந்தவர் வீட்டை மாற்றிக் கட்டவில்லை. அந்தக் காலத்தில் இங்கிலாந்து முழுக்கப் பழைய தேவாலயங்களைப் புதுப்பிக்கிறோம் என்று சொல்லி, நூற்றாண்டுகள் கண்ட பூச்சைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாரிஸ் மனம் பொறுக்காமல் 1877இல் பழங்கட்டடங்களைக் காப்பதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். ‘சுரண்டாதே’ என்ற பொருளில் அதற்கு ஒரு செல்லப்பெயரே வந்தது. ஓடு நழுவினால் மாற்று, சாக்கடை அடைத்தால் எடுத்துவிடு, பழசு மாதிரியே புதுசாகக் கட்டி யாரையும் ஏமாற்றாதே: அவர்கள் சொன்னது இவ்வளவுதான்.

இது நமக்கு எட்டாத கதை அல்ல. 1923இல் ஜான் மார்ஷல் இந்தியத் தொல்லியல் துறைக்கு வகுத்த பாதுகாப்பு விதிகளில் இந்தச் சிந்தனைதான் ஓடுகிறது. கோயில் சுவரில் மணல் பீய்ச்சி அடித்துக் கல்வெட்டு எழுத்து மழுங்கியதைக் கண்டு வயிறெரிந்தவர்கள் இந்த அரங்கில் இருப்பீர்கள். நானும் எரிந்தவன்.

பின்னாளில் இத்தகைய பல வீடுகளுக்குச் சிமெண்டால் கெடுதல் வந்தது. சுண்ணாம்புக் காரை கல்லைவிட மென்மையானது. சுவர் குடித்த ஈரம் அந்த மூட்டு வழியாகத்தான் வெளியேறும். மூட்டைச் சிமெண்டால் பூசிவிட்டால் ஈரத்துக்குக் கல்லைத் தவிர வேறு வழி இல்லை. குளிர்காலத்தில் அது உறைகிறது, கல்லின் முகம் செதில் செதிலாக உதிர்கிறது. கூரைக்காக ஊரே எழுந்து வேண்டி வரவேற்ற அதே பனிதான், இங்கே சுவரைத் தின்கிறது.

மாரிஸ் 1896இல் காலமானார். அதே கிராமத்தின் தேவாலய வளாகத்தில்தான் அடக்கம். கல்லறைக் கல்லை வடிவமைத்தவர் அவருடைய நண்பர், கட்டடக் கலைஞர் ஃபிலிப் வெப். அது நீளமாக, தரையை ஒட்டிக் கிடக்கிற ஒரு கல். நடுவில் முகடு, இரண்டு பக்கமும் சரிவு. ஒரு வீட்டுக் கூரை.

நன்றி.