எதிரியை ஊரில் விட்டுவிட்டு வந்தவை

நேயர்களுக்கு வணக்கம். வேற்று நாட்டுச் செடியும் பூச்சியும் இங்கே வந்து ஏன் இப்படிக் கொழிக்கின்றன என்று கேட்டால், 'அதுக்கு வீரியம் ஜாஸ்தி' என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடு இல்லை.

2008-இல் கோவைப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி விவசாயிகளுக்கு மறந்திருக்காது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எதையும் அது விட்டுவைக்கவில்லை. இலையைத் திருப்பினால் பஞ்சை அப்பின மாதிரி வெள்ளை, பக்கத்திலேயே பிசுக்கு, அதை நக்க வரும் எறும்பு, பிசுக்கின் மேல் படரும் கரும்பூசணம். மருந்தடித்தால் உடம்பை மூடிய மெழுகு பூச்சியைக் காப்பாற்றிவிடும், மருந்தில் செத்தது பெரும்பாலும் அதைத் தின்ன வந்த நல்ல பூச்சிதான். இத்தனைக்கும் அதன் சொந்த ஊரான மெக்சிகோவில் இதை ஒரு பெரிய பூச்சியாகவே யாரும் மதிப்பதில்லை, ஏனென்றால் அங்கே இதற்கென்றே குளவிகள் இருக்கின்றன. அதில் ஒன்று அசெரோஃபேகஸ் பப்பாயே. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும், புழு உள்ளேயே தின்று வளரும், கடைசியில் உப்பிக் காய்ந்த ஒரு கூடும் அதில் பொடி ஓட்டையும்தான் மிஞ்சும். 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பெங்களூருக்கு வரவழைத்து, பெருக்கி, நம் தோட்டங்களில் விட்டார்கள். சில மாதங்களில் பூச்சி அடங்கியது.

ஆக, பூச்சி இங்கே புதிதாகப் பலம் பெறவில்லை, அதன் எதிரி அதனுடன் சேர்ந்து வரவில்லை, அவ்வளவுதான். ஆய்வாளர்கள் இதை 'எதிரியிலிருந்து விடுதலை' என்கிறார்கள். ஆனால் எதிரி என்றால் ஏதோ ஓர் எதிரி போதாது. 1795-இல் சாயம் எடுக்கலாம் என்று, கள்ளியைத் தின்று வாழும் ஒரு பூச்சியைப் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். வந்தது வேறு இனம், சாயம் தேறவில்லை, ஆனால் வெளியிலிருந்து வந்து இங்கே பரவியிருந்த சப்பாத்திக்கள்ளியில் ஒரு வகையை அது தின்று தீர்த்தது. இன்னொரு வகையைத் தொடவே இல்லை. அதற்கு ஏற்ற பூச்சி 1926-இல்தான் இலங்கையிலிருந்து வந்து சேர்ந்தது.

சரி, எதிரி இல்லாவிட்டால் எல்லாமே ஜெயித்துவிடுமா? இல்லை. வெளியிலிருந்து வருவதில் பெரும்பாலானவை சத்தமில்லாமல் அழிந்துபோகின்றன. 19-ஆம் நூற்றாண்டில் நியூசிலாந்தில் குடியேறியவர்கள் இங்கிலாந்துப் பறவைகளை ஆசைஆசையாகக் கொண்டுபோய் விட்டார்கள். அந்தப் பதிவேடுகளைப் பின்னாளில் புரட்டிப் பார்த்தபோது தெரிந்தது, அதிகத் தடவை, அதிக எண்ணிக்கையில் விடப்பட்டவைதான் பெரும்பாலும் நிலைத்திருக்கின்றன. பறவையின் திறமையைவிட மனுஷனின் பிடிவாதம் நன்றாக வேலை செய்திருக்கிறது!

நம் சீமைக் கருவேலமும் தானாக வரவில்லை. விறகுக்கும் வேலிக்கும் என்று நாமே விதைத்தோம், ஒரு தடவை அல்ல, பல தடவை. அப்புறம் ஆடு மாடு. இலையைச் சீண்டாது, காயை விரும்பித் தின்னும், விதை செரிக்காமல் சாணத்தோடும் புழுக்கையோடும் போய் விழுந்து முளைக்கும். விழுகிற இடம் எது? தரிசாகக் கிடக்கும் நிலம், தூர்ந்த கண்மாய். நிழல் அடர்ந்த காட்டுக்குள் இந்த மரம் இவ்வளவு சுலபமாக நுழைவதில்லை. நாம் திறந்து போட்ட இடத்தில் வந்து உட்கார்ந்த மரத்தைப் போய் ஆக்கிரமிப்பாளன் என்பது எனக்குக் கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

அப்படியானால் இதற்கும் ஒரு பூச்சியைக் கொண்டுவந்து விடலாமே என்று கேட்பீர்கள். தென்னாப்பிரிக்காவில் இதே குடும்பத்து மரங்களுக்குச் செய்து பார்த்தார்கள். நிழலும் தீவனமும் வேண்டும் என்று மரத்தை வைத்துக்கொண்டு, விதையை மட்டும் துளைக்கும் வண்டுகளை 1980-களின் கடைசியில் விட்டார்கள். வண்டு தன் வேலையைச் செய்யத்தான் செய்தது, ஆனால் அது வந்து சேர்வதற்குள் கீழே விழுந்த காயில் நிறைய ஆடு மாடுகளின் வயிற்றுக்குப் போய்விட்டது.