புதுசா அடுக்குன பிசி இழுக்குதா, அணைஞ்சு அணைஞ்சு எரியுதா? சாமான் மாத்துறதுக்கு முன்னாடி இதப் பாருங்க

வணக்கம் மக்களே. மலேசியா, பேராக், சுங்கை சிப்புட்ல இருந்து பேசுறேன். பின்னாடி செம்பனை லோரி சத்தம் கேட்டா கொஞ்சம் பொறுத்துக்குங்க, ரோட்டோரம்தான் வீடு.

மேசை மேல இருக்கிறது நம்ம பக்கம் நெறைய வீட்டுல இருக்கிற மாதிரி ஒரு செட்டு. செகண்ட் ஹேண்ட் பி450 மதர்போர்டு, ரைசன் 5 5600 சிப்பு (சிபியு), 8 ஜிபி ரேம் ரெண்டு, ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு, 550 வாட் பவர் சப்ளை. தப்பான சாமான்னு இதுல எதுவுமே இல்ல. ஆனா இதே செட்ட அடுக்கிட்டு "கேம் இழுக்குது, கார்டு போயிடுச்சு போல"ன்னு ஈப்போ வரைக்கும் தூக்கிட்டுப் போறவங்க இருக்காங்க. சாமான் ஒவ்வொன்னும் தனியா நல்லாத்தான் இருக்கும். ஒன்னோட ஒன்னு சேர்ற எடத்துலதான் கோளாறு. அந்த எடத்த மட்டும் இன்னிக்குப் பாக்கலாம். ஒரு நேரத்துல ஒன்ன மட்டும் மாத்துங்க. ரேமையும் டிரைவரையும் ஒரே நாள்ல மாத்திட்டா, எது சரி பண்ணுச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியாது.

மொதல்ல, படமே வரலன்னா. மானிட்டர் வயர எங்க சொருகியிருக்கீங்க? கார்டுலயா, போர்டுலயா? 5600 சிப்புல கிராஃபிக்ஸ் கிடையாது, அதனால போர்டுல இருக்கிற எச்டிஎம்ஐல ஒன்னுமே வராது. 5600ஜி மாதிரி கடைசியில ஜி போட்ட சிப்பா இருந்தா படம் வரும். அதான் இன்னும் மோசம். வாங்குன கார்டு சும்மா இருக்கும், சிப்புல இருக்கிற சின்ன கிராஃபிக்ஸ்ல கேம் ஓடும், நீங்க கார்டத் திட்டிக்கிட்டு இருப்பீங்க.

வயர் சரியா இருந்தும் படம் இல்லன்னா, பயோஸ், அதாவது போர்டுக்குள்ளயே எழுதி வெச்சிருக்கிற மொத புரோகிராம். பி450 போர்டு 2018ல வந்தது. 5600 சிப்பு 2022ல. போர்டுக்குப் பொறக்காத சிப்ப எப்படித் தெரியும்? பழைய பயோஸ் இருந்தா ஃபேன் சுத்தும், லைட் எரியும், அதோட சரி. போர்டு கம்பெனியோட சைட்ல உங்க மாடல் பேரப் போட்டு, சிப்பு லிஸ்ட்ல 5600க்கு எந்த பயோஸ் நம்பர்ல இருந்து சப்போர்ட்டுன்னு பாருங்க. மாடல் பேர போர்டு மேலயே அச்சடிச்சிருக்கும், அத எழுத்துக்கு எழுத்து பாத்துக்குங்க. கடைசியில ஒரு எழுத்து மாறினாலும் வேற போர்டு.

பின்பக்கம் பயோஸ் ஃபிளாஷ் பட்டன் இருக்கிற போர்டுன்னா வேலை சுலபம். பென்டிரைவ ஃபேட்32ல ஃபார்மேட் பண்ணுங்க, ஃபைலுக்கு மேனுவல்ல சொன்ன பேர வைங்க, குறிச்ச யூஎஸ்பி ஓட்டையில சொருகுங்க. பவர் சப்ளையில இருந்து போர்டுக்குப் போற 24 பின் வயரும் சிப்புக்குப் போற 8 பின் வயரும் போட்டு பட்டன அமுக்குங்க. லைட் மின்னி நிக்கிற வரைக்கும் தொடக்கூடாது. பட்டன் இல்லாத போர்டுன்னா, பழைய ரைசன் சிப்பு ஒன்ன கடையில போட்டு அப்டேட் பண்ணித் தரச் சொல்லணும். இந்த வேலைய நம்ம ஊர்ல காலையில செய்யுங்க. மத்தியானத்துக்கு மேல இடி மழை, கரண்ட் கண்ண மூடித் திறக்கும். பயோஸ் எழுதுற நடுவுல கரண்ட் போச்சுன்னா போர்டு வெறும் பலகை ஆயிடலாம். அப்டேட் முடிஞ்சா பழைய செட்டிங் எல்லாம் அழிஞ்சிடும், அதையும் ஞாபகத்துல வைங்க.

அப்படியும் படம் வரலன்னா கழட்டுற வேலை. டிஸ்க் எல்லாத்தையும் பிடுங்குங்க. ஒரு ரேம் மட்டும், சிப்புல இருந்து எண்ணினா ரெண்டாவது ஓட்டையில. சிப்பு, கூலர், கார்டு, அவ்வளவுதான். போர்டுல சிப்பு, ரேம், கார்டு, பூட்னு குட்டி லைட் நாலு இருந்தா எது எரிஞ்சு நிக்குதோ அங்கதான் ஆராய்ச்சி. பெட்டிக்குள்ள போர்ட நிக்க வைக்கிற பித்தளை முட்டுகளையும் பாருங்க. சின்ன போர்டுக்குப் பெரிய போர்டோட முட்டு ஒன்னு அடியில மிச்சம் இருந்தா, அது போர்டோட முதுகுல பட்டு ஷார்ட் ஆகும். வெளியில அட்டைப்பெட்டி மேல வெச்சா ஓடுது, உள்ள வெச்சா ஓடலன்னா, முக்கால்வாசி இதுதான்.

சரி, ஓடுது, ஆனா இழுக்குது. இங்கதான் நெறைய விஷயம் இருக்கு.

ரேம் 3200ன்னு அட்டையில போட்டிருக்கும். போர்டு அத நம்பாது. எக்ஸ்எம்பி, அதாவது அட்டையில போட்ட வேகத்துல ஓட்டச் சொல்ற செட்டிங், அத ஆன் பண்ணாத வரைக்கும் பெரும்பாலும் 2133, 2400, 2666ன்னு பாதுகாப்பான வேகத்துலதான் ஓட்டும். டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கம் போனா வேகம் தெரியும். சிபியு-இசட் புரோகிராம்ல பாக்கிறவங்க 1600ன்னு பாத்து பயப்படாதீங்க, டிடிஆர்ல அது ரெண்டு மடங்கு, அதாவது 3200. பயோஸ்ல எக்ஸ்எம்பின்னு இருக்கும், சில போர்டுல டிஓசிபின்னு இருக்கும், ரெண்டும் ஒன்னுதான். பயோஸ் அப்டேட் பண்ணதும் இது ஆஃப் ஆயிடும். "அப்டேட் பண்ண பிறகு மெதுவாயிடுச்சு"ன்னு சொல்றதுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அடுத்து ஓட்டை. ரேம் ரெண்டு இருந்தா சிப்புல இருந்து எண்ணி ரெண்டாவது, நாலாவது. பக்கத்துல பக்கத்துல ஒன்னு ரெண்டுன்னு சொருகினா ஒரே சேனல்ல ஓடும், ரேமுக்கும் சிப்புக்கும் நடுவுல இருக்கிற பாதையில பாதி அகலம் போச்சு. ஜி சிப்புக்கு இது பெரிய அடி, ஏன்னா அந்த கிராஃபிக்ஸ் இதே ரேமத்தான் கடன் வாங்கி ஓடுது. ஒரே 16 ஜிபி ரேம விட ரெண்டு 8 ஜிபி நல்லதுன்னு சொல்றதும் இதுக்குத்தான்.

ஷோப்பீ ஆன்லைன் கடையில ரேம் ஒன்னு இன்னிக்கு, ஒன்னு அடுத்த மாசம்னு வாங்கினா பேர் ஒன்னா இருந்தாலும் உள்ள இருக்கிற மெமரி சிப்பு வேறயா இருக்கலாம். எக்ஸ்எம்பி போட்டதும் பூட் ஆகல, இல்ல ஒவ்வொரு தடவையும் வேற வேற எரர் நம்பரோட நீல ஸ்கிரீன்னா, 3200ல இருந்து 3000, 2933ன்னு எறக்கிப் பாருங்க. அப்புறம் ரேம சோதிக்கிற மெம்டெஸ்ட்86 புரோகிராம பென்டிரைவ்ல போட்டு ராத்திரி முழுக்க ஓட விடுங்க. ஒரே ஒரு எரர் வந்தாலும் ஃபெயில். "ஒன்னுதானே"ன்னு விட்டா ஒரு நாள் ஃபைல் கெடும். நாலு ஓட்டையும் நெறப்புறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. புது ஏஎம்5 போர்டுல ரைசன் 7000 சிப்புக்கு ரெண்டு டிடிஆர்5 ரேம்னா ஏஎம்டி சொல்ற வேகம் 5200, நாலு போட்டா 3600. அந்த போர்டு மொத தடவை ரேமப் பழகிக்க சில நிமிஷம் கறுப்பா நிக்கும். பொறுமையா இருங்க, அந்த நேரத்துல பவர ஆஃப் பண்ணாதீங்க.

இப்ப கார்டு. பிசிஐஇ லேன்னு ஒன்னு இருக்கு, கார்டும் சிப்பும் பேசிக்கிற பாதை, அதப் பாக்காமத்தான் பல பேர் காசு கொடுக்கிறாங்க. 4060 கார்டுக்கு 8 லேன்தான், ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்கு 4 லேன்தான். ரெண்டும் பிசிஐஇ 4.0க்கு செஞ்சது. பி450 போர்டு 3.0. அப்ப ஒவ்வொரு லேனும் பாதி வேகம். 6500 எக்ஸ்டிக்கு நொடிக்கு 8 ஜிபி கிட்ட வர வேண்டியது 4 ஜிபி ஆயிடும். கார்டுல மெமரியும் 4 ஜிபிதான். கேம் அதுல அடங்காம வழிஞ்சா, பெரிய லோரிய தோட்டத்து ஒத்தையடிப் பாதையில விட்ட மாதிரி நிக்கும். பழைய போர்டுக்கு அந்தக் கார்ட வாங்காதீங்க, அவ்வளவுதான். 4060க்கு 3.0லயும் 8 ஜிபி கிட்ட கெடைக்கும், கார்டுலயே 8 ஜிபி மெமரி இருக்கு. கொஞ்சம் குறையும், ஆனா வாழ்ந்துக்கலாம்.

கார்ட மேல் ஓட்டையிலதான் போடணும். பி450ல கீழ இருக்கிற ரெண்டாவது நீள ஓட்டை பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா பெரும்பாலான போர்டுல அது சிப்செட்ல இருந்து வர்ற 2.0, 4 லேன். கார்டப் பத்திச் சொல்ற ஜிபியு-இசட் புரோகிராமத் தொறந்து பஸ் இன்டர்ஃபேஸ்னு இருக்கிற வரிய பாருங்க. சும்மா இருக்கும்போது கார்டு தூங்கி 1.1ன்னு காட்டும். பக்கத்துல இருக்கிற கேள்விக்குறிய அமுக்கி லோடு கொடுத்துட்டு அப்புறம் படிங்க. 4060க்கு 8 லேன், 3.0ன்னு வந்தா சரி. 4ன்னோ 1ன்னோ வந்தா கார்டு சரியா உக்காரல, கழட்டி தங்கக் காலத் தொடைச்சு திரும்பப் போடுங்க.

பயோஸ்ல அபவ் 4ஜி டிகோடிங், ரீசைசபிள் பார் ரெண்டையும் ஆன் பண்ணுங்க, சிப்பு கார்டோட மெமரி முழுசையும் ஒரே தடவையில தொட விடுறதுக்கான செட்டிங் இது. அதுக்கு சிஎஸ்எம், அதாவது பழைய முறையில பூட் பண்ற செட்டிங், ஆஃப் ஆகணும். எம்பிஆர்ங்கிற பழைய முறையில பிரிச்ச டிஸ்க்ல விண்டோஸ் இருந்தா அப்ப பூட் ஆகாது, மொதல்ல ஜிபிடிங்கிற புது முறைக்கு மாத்திக்கணும், அதுக்கும் முன்னாடி பேக்கப். இன்டெல் ஆர்க் கார்டு வெச்சிருக்கவங்களுக்கு இது விருப்பம் இல்ல, கட்டாயம்.

சின்ன விஷயம் ரெண்டு. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிட்டு விண்டோஸ் செட்டிங்ல 60லயே விட்டிருப்பாங்க. எம்.2 ஓட்டையில எஸ்எஸ்டி போட்டதும் பழைய ஹார்ட் டிஸ்க் காணாமப் போனா டிஸ்க் சாகல. பல போர்டுல அந்த ஓட்டையும், ஹார்ட் டிஸ்க் வயர் சொருகுற சாட்டா ஓட்டை ஒன்னு ரெண்டும் ஒரே லைனப் பங்கு போடும், வயர வேற சாட்டாவுக்கு மாத்துங்க.

கேம் தொறந்த கொஞ்ச நேரத்துல படக்குன்னு அணைஞ்சு எரியுதுன்னா பவர் சப்ளை பக்கம் போங்க. விண்டோஸ் ஈவென்ட் வியூவர்ல கெர்னல் பவர் 41ன்னு இருக்கும். அதப் பாத்து பவர் சப்ளைய குத்தம் சொல்லிடாதீங்க. சொல்லாம அணைஞ்சுச்சுன்னுதான் அதுக்கு அர்த்தம், காரணத்த அது சொல்லாது. பக்கத்துல வியா லாகர் 18ன்னு இருந்தா சிப்பு, அதோட வோல்டேஜ் பக்கம் சந்தேகப்படுங்க. படம் கறுத்து சத்தம் மட்டும் ஓடினா டிரைவர், வயர், கார்டு.

பெட்டியில 500 வாட்னு பெருசா எழுதியிருக்கும். பக்கத்துல ஒட்டியிருக்கிற அட்டவணையில 12 வோல்ட்டுக்கு எத்தன ஆம்பியர்னு பாருங்க. 20 ஆம்பியர்னா 12ஆல பெருக்குங்க, 240 வாட். சிப்பும் கார்டும் சாப்பிடுறது அதுலதான். 80 பிளஸ்னா மின்சாரத்த எவ்வளவு வீணாக்காம மாத்துதுன்னு சொல்றது, தரத்துக்கு கேரண்டி இல்ல. 4060 இழுக்கிறது 115 வாட்தான், நல்ல 550 தாராளம். ரெண்டு 8 பின் கேக்கிற பெரிய கார்டுக்கு, ஒரே வயர்ல தொங்குற ரெண்டு தலையப் போடாம ரெண்டு தனி வயர் போடுங்க.

இதக் கவனமாக் கேளுங்க. கழட்டி மாட்டுற பவர் சப்ளையோட வயர, வேற பவர் சப்ளைக்குப் போடவே கூடாது. சாமான் பக்கம் ஒரே அமைப்பு, ஆனா பவர் சப்ளை பக்கம் எந்தப் பின்ல எந்த வோல்ட்டுன்னு பொது விதி இல்ல. ஒரே கம்பெனியிலயே மாடலுக்கு மாடல் மாறும். 5 வோல்ட் போக வேண்டிய எடத்துல 12 போனா, ஹார்ட் டிஸ்க்கும் போச்சு, உள்ள இருந்த கல்யாண ஃபோட்டோவும் போச்சு.

செகண்ட் ஹேண்ட்ல இன்டெல் ஐ7 13700கே, ஐ9 13900கே மலிவா வந்தா யோசிங்க. 13, 14ஆம் தலைமுறையில வோல்டேஜ் அதிகமாப் போயி சிப்பு தேயிற பிரச்சினைய இன்டெல்லே ஒத்துக்கிச்சு. 2024 ஆகஸ்ட், செப்டம்பர்ல பயோஸ் வழியா திருத்தம் கொடுத்தாங்க, வாரண்டிய 2 வருஷம் நீட்டினாங்க. திருத்தம் இனிமே தேயாம இருக்கத்தான், ஏற்கெனவே தேஞ்சத மீட்காது. கேம் தொறக்கும்போது வீடியோ மெமரி போதலன்னு, மெமரி நெறைய இருக்கும்போதே எரர் வந்தா, அது கார்டு இல்ல, சிப்பா இருக்கலாம்.

சூடு. ஜிங்க் கூரை வீட்டுல மத்தியானம் அறையே கொதிக்குது. சூட்டையும் வேகத்தையும் காட்டுற எச்டபிள்யூஇன்ஃபோ புரோகிராம ஓட விட்டு, கேம் ஆடும்போது சூட்டையும் கிளாக் வேகத்தையும் சேத்துப் பாருங்க. 5600க்கு எல்லை 90 டிகிரி, அதத் தொட்டா வேகத்தக் குறைச்சுக்கும். பெட்டியோட பக்கக் கதவத் தொறந்து வெச்சு அதே கேம ஆடுங்க. பத்து டிகிரி குறைஞ்சா கூலர் நல்லாத்தான் இருக்கு, காத்துதான் போகல. முன்னாடி ஃபேன் உள்ள இழுக்கணும், பின்னாடி ஃபேன் வெளிய தள்ளணும், ஃபில்டர்ல செம்மண் தூசி அடைச்சிருக்கும். குறையலன்னா கூலர், பேஸ்ட். கூலர் அடியில ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் தாள உரிக்காம மாட்டுறது இன்னிக்கும் நடக்குது.

கடைசியா வீட்டு வயரிங். பெட்டியத் தொட்டா கை சுருக்குன்னு இருந்தா, எர்த் இல்ல. பவர் சப்ளை உள்ள இரைச்சல வடிகட்டுற கெப்பாசிட்டர் 230 வோல்ட்ட நடுவுல பிரிக்கும். எர்த் இருந்தா அது தரைக்குப் போகும், இல்லன்னா பெட்டியில பாதி வோல்ட் நிக்கும். கரண்ட் ரொம்பக் கம்மிதான், ஆனா சரி பண்ணாம விடுற விஷயம் இல்ல. பழைய லயத்து வீடுகள்ல மூணு பின் ஓட்டை இருக்கும், எர்த் ஓட்டைக்குப் பின்னாடி வயரே இருக்காது. லைசென்ஸ் உள்ள வயர்மேன கூப்பிட்டுக் காட்டுங்க, நீங்களா நோண்டாதீங்க. எர்த் இல்லாத வீட்டுல சர்ஜ் புரொடெக்டர் பாதி வேலைதான் பாக்கும், ஏன்னா மிச்ச மின்னல தள்ளி விட அதுக்கு எடம் இல்ல. இடி ஆரம்பிச்சா சுவிட்ச ஆஃப் பண்ணா போதாது, பிளக்க உருவுங்க. ரூட்டர்ல இருந்து வர்ற நெட்வொர்க் வயரையும் உருவுங்க, ஃபைபர்ல மின்சாரம் வராட்டியும், ரூட்டரோட அடாப்டர் வழியா வந்து அந்தச் செம்புக் கம்பியில நேரா போர்டுக்கு ஏறும்.