கதவைத் தட்டும் பாட்டி

நேயர்களுக்கு வணக்கம்.

ஒன்றை இன்னொன்றாக நினைத்து ஏமாறுவதை வைத்தே ஓடும் பழைய பிரிட்டிஷ் சிரிப்புப் படம் ஒன்றைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது 1955இல் ஈலிங் ஸ்டுடியோ எடுத்த 'தி லேடிகில்லர்ஸ்'. இயக்குநர் அலெக்சாண்டர் மெக்கெண்ட்ரிக்.

லண்டன் கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு பழைய வீடு. சுவரில் படத்தை நேராக மாட்டினாலும் கோணலாகிவிடும், அப்படிச் சாய்ந்த வீடு. கிளிகளோடு தனியாக இருக்கும் மிஸஸ் வில்பர்ஃபோர்ஸ் பாட்டியிடம் மாடியை வாடகைக்குக் கேட்டு வருகிறார் பேராசிரியர் மார்கஸ். அந்த வேடத்தில் துருத்திய பல்லோடு நடிகர் அலெக் கின்னஸ்! கூட நான்கு பேர். வாத்தியக் குழுவாம், ஒத்திகை பார்க்கணுமாம். ஐந்து பேருமே கொள்ளைக்காரர்கள்.

இதை நீங்கள் காதால் கேட்டாலே போதும். மாடியில் கிராமபோனில் இத்தாலிய இசையமைப்பாளர் போக்கெரினியின் மினுவெட் என்ற நடன இசை ஓடுகிறது. இவர்கள் திட்டம் போடுகிறார்கள். கீழே பாட்டி உருகிப்போகிறாள். பாவம், இவ்வளவு நேரமாக வாசிக்கிறார்களே என்று மேலே ஏறி, டீ வேண்டுமா என்று கதவைத் தட்டுகிறாள். அவ்வளவுதான், உள்ளே ஒரே அமளி. ஒருவன் இசைத்தட்டை நிறுத்த ஓடுகிறான், மற்றவர்கள் கைக்கு வந்த வாத்தியத்தைத் தூக்கிக்கொள்கிறார்கள். கதவுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் தெரிந்தவர்கள் நாம் மட்டும்தான். அதனால்தான் பாட்டி படியேறும்போதே நமக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

கொள்ளையடித்த 60,000 பவுண்டை ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவருவதும் பாட்டிதான், பெட்டியில் இருப்பது என்னவென்று தெரியாமலே! பாட்டியாக நடித்த கேட்டி ஜான்சனுக்கு அப்போது எழுபது வயதுக்கு மேல். சிறந்த பிரிட்டிஷ் நடிகைக்கான விருது இந்தப் படத்துக்காக அவருக்குக் கிடைத்தது. நகைச்சுவை நடிகர் பீட்டர் செல்லர்ஸும் அந்தக் கும்பலில் ஒருவர். ஆனால் என் ஓட்டு பாட்டிக்குத்தான்.

அப்புறம் திருடர்கள் என்ன ஆனார்கள் என்பதைப் படத்திலேயே பாருங்கள். கடைசியில் பாட்டி போலீஸ் நிலையத்துக்குப் போய் நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொல்கிறாள். யாரும் நம்பவில்லை. பணத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று தட்டிக்கொடுத்து அனுப்புகிறார்கள். வழக்கம்போலக் குடையை மறந்துவிட்டுக் கிளம்புகிறாள். போலீஸ்காரர் கூப்பிடுகிறார். பாட்டி திரும்பி வரவில்லை. இனி ஒரு டஜன் குடை வாங்கலாமே!