ஃப்ரிட்ஜ் கதவில் ரொட்டோகாஸ்

வணக்கம் மக்களே. ரெண்டு நாளாக எனக்குச் செம கடுப்பு. "உலகத்திலேயே சுலபமான மொழி, வெறும் 12 எழுத்துதான்" என்று ஒரு ரீல் சுற்றிக்கொண்டிருக்கிறது. எழுத்து குறைந்தால் மொழி சுலபமாகிவிடுமா?

அவர்கள் சொல்வது ரொட்டோகாஸ். பப்புவா நியூ கினியில் பூகன்வில் தீவின் மலைப்பகுதியில் பேசுகிற மொழி. ஏ, ஈ, ஜி, ஐ, கே, ஓ, பி, ஆர், எஸ், டி, யு, வி. நெடுங்கணக்கு அவ்வளவுதான்.

என் வட்டெழுத்து வீடியோவில் நீங்கள் பார்த்த அதே ஃப்ரிட்ஜில் காந்த எழுத்தால் எழுதிக் காட்டலாம் என்று ஒரு பெட்டி வாங்கினேன். 349 ரூபாய். வீட்டுக்கு வந்து பிரித்தால் ஒவ்வொரு எழுத்தும் ஒன்றே ஒன்று! ரொட்டோகாஸ் என்ற பெயருக்கே ரெண்டு ஓ வேண்டும். நெட்டுயிர் வந்தால் இந்த மொழியில் அதே உயிரை ரெண்டு தடவை எழுதுவார்கள், அதற்கும் வழியில்லை. மறுபடி கிளம்பிப் போனால், ரெண்டு கடை தள்ளி அதே பெட்டி 180 ரூபாய். அதே பெட்டி! முதல் கடைக்கு இனி நான் போவதாக இல்லை.

சரி, இதோ ஒரு ரொட்டோகாஸ் சொல் பாருங்கள், 'டோவுபாஸிவேய்ரா'. ஏ ரெண்டு, ஐ ரெண்டு, ரெண்டு பெட்டியில் கச்சிதமாக முடிந்தது. நேற்று ராத்திரி இதை ஒட்டிவிட்டு எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன் தெரியுமா! முதலில் டி, நடுவில் எஸ். ரெண்டும் அவர்களுக்கு ஒரே ஒலியன்தான், அதாவது பொருளை மாற்றாத ஒரே ஒலியின் ரெண்டு வடிவம். 'இ'-க்கு முன்னால் வந்தால் எஸ், மற்ற இடத்தில் டி. அட, மறந்துவிட்டேன், மொழியின் பெயர் மட்டும் விதிவிலக்கு. அங்கே 'இ' இல்லாமலே கடைசியில் எஸ் நிற்கும்.

எம், என் இல்லையே என்று கேட்பீர்கள். எனக்குப் பிடித்ததே அதுதான். மையக் கிளைமொழியில் மெல்லின ஒலி எப்போதாவதுதான் காதில் விழும். வெளியாள் ரொட்டோகாஸ் பேச முயல்வதை ஊர்க்காரர் நடித்துக் காட்டும்போது வருமாம். இந்த மொழியை ஆராய்ந்த ஃபர்ச்சோ தம்பதி 1969-இல் எழுதிய கட்டுரையில் இருக்கிறது.

ஆனால் ரீல்காரர் சொல்லாத விஷயம், ஐட்டா என்று இன்னொரு கிளைமொழி உண்டு. அங்கே மெல்லினம் மூன்றும் தனி ஒலியன்கள், மெய் மொத்தம் ஒன்பது. மொழியியலாளர் ஸ்டூவர்ட் ராபின்சன் 2006-இல் இதைக் காட்டிவிட்டார். 12 எழுத்து ஐட்டாவுக்குப் போதவே போதாது.

அப்புறம், பேசுகிறவர்கள் எத்தனை பேர் என்றும் ரீலில் சொல்லவில்லையே! 4,000 சொச்சம், அதுவும் 1981 கணக்கு. பூகன்வில்லில் 1980-லேயே தாய்மொழியில் எழுத்தறிவிக்கும் கிராமப் பள்ளிகள் தொடங்கினார்கள். அப்புறம் பத்து வருஷம் உள்நாட்டுப் போர். 2013-இல் நாடு முழுக்கத் தொடக்கப் பள்ளியே ஆங்கிலம் என்று கொள்கை மாறியது. சந்தையில், சாலையில் நாட்டின் பொதுமொழியான டோக் பிசின். ஒரு பிள்ளை இந்த டி-எஸ் விதியை எங்கே உட்கார்ந்து கற்றுக்கொள்ளும்? ரீலில் பேச வேண்டியது இதை அல்லவா?

மிச்ச எழுத்தையெல்லாம் பெட்டியில் போட்டுவிட்டேன். எம், என் மட்டும் கதவின் ஓரத்தில் இருக்கட்டும். அடுத்த வீடியோ ஐட்டா.