‘மூக்குப் புற்று’ மூக்கில் வருவதில்லை: கழுத்துக்கு மேலே இரண்டு வைரஸ்கள்

[திரையில்: தலையின் பக்கவாட்டு வரைபடம்]

நம் மலேசியாவில் ‘மூக்குப் புற்று’ என்று சொல்கிறோமே, அது வருவது மூக்கில் இல்லை. மூக்குக்குப் பின்னால், உள்நாக்குக்கு மேலே சின்ன அறை போல ஓர் இடம் இருக்கிறது. வாயைத் திறந்து கண்ணாடியில் பார்த்தாலும் அது தெரியாது. காதிலிருந்து வரும் குழாய் திறப்பது அங்கேதான். அதனால்தான் அங்கே கட்டி வளர்ந்தால் ஒரு பக்கக் காது அடைக்கிறது. சளியில் ரத்தம் கலந்து வரலாம். பலருக்கு முதலில் தெரிவது கழுத்தில் வலியில்லாத ஒரு கட்டிதான்.

இந்த நோயோடு பிணைந்திருப்பது எப்ஸ்டீன்-பார் வைரஸ். 1964-இல் ஆண்டனி எப்ஸ்டீன், இவோன் பார், பெர்ட் அச்சோங் மூவரும் லண்டனில் இதைக் கண்டுபிடித்தார்கள். அச்சோங் ட்ரினிடாட்டில் பிறந்த சீன வம்சாவளியினர். மூவரில் அவர் பெயர் மட்டும் வைரஸில் ஏறவில்லை, பாவம்.

பெரியவர்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் இந்த வைரஸ் உடம்பில் உண்டு. எனக்கும் இருக்கும், உங்களுக்கும் இருக்கும். எச்சில் வழியாக, பெரும்பாலும் சின்ன வயதிலேயே தொற்றி, வெள்ளணுக்களுக்குள் ஆயுள் முழுக்கத் தங்கிவிடும். அப்படியென்றால் எல்லோருக்கும் ஏன் புற்றுநோய் வருவதில்லை? வைரஸ் மட்டும் போதாது என்பதால்தான். குடும்பவழி மரபணுவும் சேர வேண்டும், புகையும் சேரலாம். சிறுவயது முதல் சாப்பிடும் சீன முறை உப்பு மீனும் இந்தப் புற்றுநோய்க்கு உறுதியான காரணி என்று பட்டியலிடப்பட்டிருக்கிறது. நம் நாட்டில் சீனர்களிடமும் சரவாக்கின் பிடாயு மக்களிடமும் இது அதிகம். நம் இந்தியர்களிடம் குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை.

[திரையில்: டான்சிலும் நாக்கின் அடிப்பகுதியும் சிவப்பில்]

இப்போது கொஞ்சம் கீழே, தொண்டைக்கு இறங்குவோம். இங்கே ஆள் வேறு: ஹெச்பிவி (மனித பாப்பிலோமா வைரஸ்), குறிப்பாக அதன் 16-ஆம் வகை. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான அதே வைரஸ்தான். டான்சிலில் ஆழமான குழிகள் உண்டு. அவற்றின் உட்புறத் தோல் மெல்லியது, அங்கே நுழைவது சுலபம். உள்ளே போன வைரஸ் ஈ6, ஈ7 என்ற இரண்டு புரதங்களைச் செய்கிறது. ஈ6, செல்லின் காவலாளியான பி53-ஐ அழித்துவிடும். ஈ7, செல் கண்டபடி பிரியாமல் பிடித்து வைத்திருக்கும் ஆர்பி புரதத்தை முடக்கிவிடும். அதன்பின் செல் பெருகுவதை நிறுத்த ஆளில்லை. வாய்வழி உடலுறவில் இது தொற்றும். வீட்டில் பேசக் கூச்சமான விஷயம்தான், ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. தொற்று வந்த பெரும்பாலோருக்கு உடம்பே அதை விரட்டிவிடுகிறது. தங்கிப்போன சிலருக்குத்தான், அதுவும் பல ஆண்டுகள் கழித்து, சிக்கல்.

ஒரு நல்ல செய்தி: ஹெச்பிவியால் வந்த தொண்டைப் புற்று, புகையாலும் மதுவாலும் வந்ததைவிடச் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படுகிறது. அதனால்தான் கட்டியிலிருந்து எடுத்த சதைத்துண்டில் பி16 என்ற புரதத்தைச் சோதித்து, இது ஹெச்பிவியால் வந்ததா என்று பார்க்கிறார்கள். நோயாளி புகைப்பவராகவும் இருந்தால் அந்தச் சாதகம் குறைந்துவிடும்.

[திரையில்: வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு]

சரி, வாய்க்கு வருவோம். நாக்கு, கன்னத்தின் உட்புறம், ஈறு. இங்கே வைரஸின் பங்கு மிகச் சிறியது. மலேசியாவில் வாய்ப் புற்று அதிகம் பாதிப்பது நம் இந்தியர்களைத்தான். முக்கியக் காரணம் பாக்கும் புகையிலையும், கூடவே சிகரெட்டும் மதுவும். ‘புகையிலை போடுவதில்லை, வெறும் வெற்றிலை பாக்குதான்’ என்று பிரிக்பீல்ட்ஸிலும் பினாங்கு லிட்டில் இந்தியாவிலும் சொல்லும் பாட்டிகள் உண்டு. புகையிலை இல்லாத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இலேயே அறிவித்துவிட்டது. ஊரெல்லாம் வைரஸைப் பற்றிப் பேசும்போது பாட்டியின் வெற்றிலைப் பெட்டியை மறந்துவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

தடுப்பூசி? ஹெச்பிவிக்கு உண்டு. 2010 முதல் நம் பள்ளிகளில் 13 வயது மாணவிகளுக்குப் போடுகிறார்கள். பையன்களுக்கும் தொண்டை இருக்கிறதே, அவர்களுக்கும் போடலாமா என்று கிளினிக்கில் தாராளமாகக் கேளுங்கள். எப்ஸ்டீன்-பாருக்கு இன்னும் தடுப்பூசி வரவில்லை. ஆனால் அந்த வைரஸின் டிஎன்ஏ ரத்தத்தில் மிதக்கிறதா என்று பார்க்கும் சோதனை இருக்கிறது. ஹாங்காங்கில் சுமார் 20,000 ஆண்களுக்கு அதைச் செய்து பார்த்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் ஆரம்ப நிலையிலேயே சிக்கினார்கள். இது எல்லோருக்கும் தேவைப்படும் சோதனை அல்ல. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களில் யாருக்காவது மூக்குப் புற்று வந்திருந்தால் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். கழுத்துக் கட்டியோ ஒரு பக்கக் காதடைப்போ மூன்று வாரம் தாண்டியும் போகவில்லையென்றால், சோதனையைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்காமல் நேராக ஈ.என்.டி. (காது, மூக்கு, தொண்டை) மருத்துவரைப் பாருங்கள். மூக்கு வழியே மெல்லிய கேமரா விட்டு அந்த அறையைப் பார்த்துவிடுவார். சில நிமிட வேலைதான்.