ஷமீம் ஆரா: அழுத முகமும் படமெடுத்த கையும்

நேயர்களுக்கு வணக்கம்.

பாகிஸ்தானின் லாகூர் சினிமா என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் வருகிறவர் பாடகி நூர் ஜஹான். அந்தக் குரலுக்குத் திரையில் முகம் கொடுத்தவர்களில் ஒருவரைப் பற்றி இன்று பேசலாம் என்று வந்திருக்கிறேன். பெயர் ஷமீம் ஆரா. நடிகையாக வந்து, தயாரிப்பாளராகி, இயக்குநராக முடித்தவர். நடித்த காலத்தை எல்லாரும் உருகி உருகிச் சொல்வார்கள். 'மிஸ் ஹாங்காங்', 'மிஸ் கொழும்பு' என்று அவர் படமெடுத்த காலத்துக்கு வந்ததும் பேச்சு சட்டென்று சுருங்கிவிடும். அந்தப் பிற்பாதிதான் கெட்டிக்காரத்தனமானது என்பது என் கட்சி. அதைச் சொல்ல முற்பாதியையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1938இல் அலிகாரில் பிறந்தவர். இயற்பெயர் புத்லி பாய். 1956இல் லாகூருக்கு வந்திருந்தபோது, புதுமுகம் தேடிக்கொண்டிருந்த இயக்குநர் நஜம் நக்வியின் கண்ணில் பட்டார். 'குன்வாரி பேவா' படத்தில் கதாநாயகி. பெயரும் அப்போதுதான் ஷமீம் ஆரா என்று மாறியது. படம் ஓடவில்லை. நான்கு வருடம் கழித்து, 1960இல், எஸ். எம். யூசுஃப் இயக்கிய 'சஹேலி' வந்தது. இரண்டு தோழிகள், நடுவில் ஒரே ஆண். அந்தப் படத்துக்குப் பிறகு அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

1962இல் 'கைதி'. உருதுக் கவிஞர் ஃபைஸ் அகமது ஃபைஸின் 'முஜ் ஸே பெஹ்லி ஸி முஹப்பத்' கவிதையை ரஷீத் அத்ரே இசையில் நூர் ஜஹான் பாடினார். திரையில் ஷமீம் ஆரா. இதைப் படமாக்குவதில் என்ன சிரமம் என்று கேட்பீர்கள். வழக்கமான சினிமாப் பாட்டில் பல்லவி திரும்பத் திரும்ப வரும், நடுவே வாத்திய இசை வரும். அந்த இடைவெளியில் நடிகை நடக்கலாம், திரும்பலாம், ஜன்னலைத் திறக்கலாம். நஸ்ம் என்கிற கவிதை வடிவமோ ஒரு வாதம்போல மேலே மேலே போய்க்கொண்டிருப்பது. காதலில் ஆரம்பித்து, உலகத்தின் துயரத்துக்குப் போய், மறுபடி காதலியிடம் வருவது. அங்கே கை கால் ஆட்டினால் சொல் கெட்டுவிடும். முகத்தை வைத்துக்கொண்டே பாட்டைத் தாங்க வேண்டும்.

பாட்டை முதலில் ஒலிப்பதிவு செய்துவிட்டு, படப்பிடிப்பில் அதை ஒலிக்கவிட்டு வாயசைப்பதுதான் முறை. வெறும் உதடு மட்டும் அசைந்தால் திரையில் உடனே தெரிந்துவிடும். தொண்டை அசையாது, கழுத்து நரம்பு எழாது, பாடகி மூச்சு இழுக்கிற இடத்தில் நடிகையின் மார்பு சும்மா இருக்கும். கவனமுள்ள நடிகைகள் நிஜமாகவே சத்தம்போட்டுப் பாடுவார்கள். எந்தச் சொல்லுக்கு முன்னால் பாடகி மூச்சு வாங்கினாள் என்பதைக்கூட மனப்பாடம் செய்துகொள்வார்கள். மின்சாரம் ஏறி இறங்கினால் இன்னொரு வம்பு. ஒலிநாடா ஓடும் வேகம் மாறும். தளத்தில் பொருந்தியதாகத் தெரிந்த உதடு, படத்தொகுப்பு மேசையில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் சற்றே பின்தங்கி நிற்கும்.

இப்படிப் பல படங்கள். 1964இல் 'ஃபரங்கி', 1967இல் ரஸா மீர் இயக்கிய 'லாக்கோன் மே ஏக்', அதே வருடம் வஹீத் முராதுடன் 'தோராஹா'. அடிக்கடி அவருக்குக் கிடைத்தது விட்டுக்கொடுக்கிற பெண், ஏமாற்றப்படுகிற பெண், சொல்லாமல் அழுகிற பெண். கறுப்பு வெள்ளை அந்த முகத்துக்கு வாகாக இருந்தது.

1965இல் 'நாய்லா'. எவர்நியூ ஸ்டுடியோ உரிமையாளர் ஆகா குல் தயாரிப்பு, ஷரீஃப் நய்யர் இயக்கம், ராஸியா பட் எழுதிய நாவல். மேற்குப் பாகிஸ்தானின் முதல் முழுநீள வண்ணப்படம் இதுதான். 'பாகிஸ்தானின் முதல் வண்ணப்படம்' என்று சிலர் எழுதிவிடுகிறார்கள், அது தவறு. அதற்கு முந்தைய வருடமே டாக்காவில் ஜஹீர் ரைஹான் 'சங்கம்' எடுத்துவிட்டார். அன்றைக்கு டாக்காவும் பாகிஸ்தான்தான்.

வண்ணம் வந்ததும் நடிகைக்கு என்ன மாறியது? வெளிச்சம். அந்தக் காலத்து ஈஸ்ட்மன் வண்ணச் சுருளின் வேகம், அதாவது வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும் திறன், 50. கறுப்பு வெள்ளையில் 200 வேகச் சுருள் சாதாரணமாகக் கிடைத்தது. அதே காட்சிக்கு நான்கு மடங்கு வெளிச்சம் வேண்டும் என்று அர்த்தம். விளக்கு கூடினால் வெப்பம் கூடும், ஒப்பனை வழியும், வியர்வையை ஒற்றி எடுத்தால் நெற்றி ஓர் ஷாட்டில் ஒரு நிறம், அடுத்த ஷாட்டில் வேறு நிறம். இதையெல்லாம் முன்னால் நின்று அனுபவித்த நடிகை, தானே தயாரிப்பாளராகும்போது செலவுக் கணக்கில் ஒரு சாதாரணத் தயாரிப்பாளருக்குத் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும்.

1968இல் 'சாயிகா'. அவருடைய முதல் சொந்தத் தயாரிப்பு. லயீக் அக்தர் இயக்கினார். கதை மறுபடியும் ராஸியா பட் நாவல். இது தற்செயல் அல்ல என்று நினைக்கிறேன். அந்த நாவல்களைப் படித்த பெண்கள் ஏற்கெனவே ஒரு கூட்டமாக இருந்தார்கள். விளம்பரத்துக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது. இசை நிசார் பஸ்மி. அஹ்மத் ருஷ்தியின் 'ஏ பஹாரோ கவாஹ் ரெஹ்னா'வும் மெஹ்தி ஹசனின் 'இக் சிதம் அவுர் மேரி ஜான்' கஸலும் இந்தப் படத்துப் பாடல்கள்தான்.

கதாநாயகி தயாரிப்பாளராவதில் உள்ள முதல் லாபம் எளிது: படத்தின் பெரிய சம்பளங்களில் ஒன்று வெளியே போகாது. மீதிப் பணத்தை எப்படிப் புரட்டுவது? லாகூரில் லக்ஷ்மி சௌக் பக்கத்து ராயல் பார்க்கில் விநியோகஸ்தர் அலுவலகங்கள் வரிசையாக இருக்கும். படத்தைப் பகுதி பகுதியாக விற்பார்கள். பஞ்சாபும் எல்லைப்புற மாகாணமும் ஒரு பகுதி, கராச்சியைத் தலையாகக் கொண்ட சிந்து, பலூசிஸ்தான் ஒரு பகுதி, டாக்கா ஒரு பகுதி. கையெழுத்தின்போது கொஞ்சம், படப்பிடிப்பு நடுவில் கொஞ்சம், பிரதி கைக்கு வரும்போது மீதி. தளத்துக்கும் லேபுக்கும் ஸ்டுடியோவில் கடன் சொல்லலாம். ஆனால் கடன் தீரும்வரை நெகட்டிவ் அவர்களிடம்தான் இருக்கும். பாதியில் நின்ற படங்கள் பெரும்பாலும் இங்கேதான் நிற்கும். இரண்டாம் தவணை வரவில்லை, நடிகர் தேதி போய்விட்டது, நெகட்டிவ் லேபில் கிடக்கிறது.

பிலிம் கணக்கு ஒன்று சொல்கிறேன். 35 மில்லிமீட்டரில் ஒரு நிமிடத்துக்கு 90 அடி. இரண்டரை மணி நேரப் படம் 13,500 அடி. படத்தில் சேரும் ஓர் அடிக்கு நான்கு அடி என்று சிக்கனமாக எடுத்தாலும் 54,000 அடி நெகட்டிவ் வேண்டும். இதுவே பெரிய செலவு என்று புதியவர்கள் நினைத்துக்கொள்வார்கள். பதினைந்து பிரதி போட்டுப் பாருங்கள், 2,02,500 அடி! அதுவும் அந்நியச் செலாவணியில் வாங்கும் பிலிம். பிரதியைக் குறைக்கத்தான் ஒரே பிரதியை இரண்டு கொட்டகைக்கு ஓட்டுவார்கள். ஒரு கொட்டகையில் ஓடி முடிந்த ரீல் பெட்டியைப் பையன் சைக்கிளில் வைத்து அடுத்ததற்குக் கொண்டுபோவான். சைக்கிள் பஞ்சர் ஆனால் இடைவேளை நீளும்.

வெள்ளிவிழா என்று சொல்வதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 25 வாரம் என்றால் ஒரே அரங்கில் 25 வாரம் ஓடியது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நகரத்தில் ஒரே வாரம் ஐந்து அரங்குகளில் ஓடினால் அது ஐந்து வாரம். முக்கிய அரங்கில் எத்தனை வாரம் தனியாக ஓடியது என்று பார்த்தால்தான் படத்தின் நிஜமான பலம் தெரியும்.

1971 டிசம்பரில் வங்கதேசம் பிரிந்தது, டாக்கா சந்தை ஒரேயடியாகப் போயிற்று. விற்பதற்கு மூன்று பகுதி இருந்த இடத்தில் இரண்டு. ஷமீம் ஆராவுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. நாயகிக்கு அது என்ன வயது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1972இல் 'சுஹாக்' எடுத்து நடித்தார். 1976இல் 'ஜியோ அவுர் ஜீனே தோ' மூலம் இயக்குநரானார். நடிகை சங்கீதா இயக்கிய 'சொசைட்டி கேர்ள்' படமும் அதே வருடம்தான் வந்தது. நூர் ஜஹான் 1951இல் 'சன்வே' படத்துக்கு இயக்குநராகப் பெயர் போட்டதிலிருந்து, இருபத்தைந்து ஆண்டு கழித்து இரண்டு நடிகைகள் ஒரே வருடத்தில் அந்த நாற்காலிக்கு வந்தார்கள்.

1978இல் 'பிளேபாய்', 1979இல் 'மிஸ் ஹாங்காங்'. அப்புறம் 1984இல் 'மிஸ் கொழும்பு', 1985இல் 'மிஸ் சிங்கப்பூர்', 1986இல் 'மிஸ் பாங்காக்'. நாயகி பாப்ரா ஷரீஃப். துப்பாக்கி பிடிக்கிற, மாறுவேடம் போடுகிற, அடிக்கிற பெண். தான் இருபது வருடம் அழுததையெல்லாம் இந்தப் பெண்ணைக் கொண்டு தீர்த்துக்கொண்டாரோ என்று வேடிக்கையாகத் தோன்றும். கதைகள் ஆழமானவை என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் தர்க்கம் கொட்டாவி விடும். ஆனால் சந்தையைப் பாருங்கள். வீட்டுக்கு வீடு வீடியோ வந்துகொண்டிருந்தது. 1979இல் ராணுவ ஆட்சியாளர் ஜியாவின் அரசு கொண்டுவந்த திரைப்படச் சட்டம் தணிக்கையை இறுக்கியது. அதே வருடம் வந்த 'மௌலா ஜட்' லாகூரைப் பஞ்சாபி வெட்டரிவாள் படங்களின் பக்கம் தள்ளியது. உருதுப் படம் எடுக்கிறவர் நகரத்துக் குடும்பங்களைக் கொட்டகைக்கு இழுக்க, வீட்டில் கிடைக்காத ஒன்றைக் காட்டியாக வேண்டும். அவர் காட்டியது வெளிநாடு. டிக்கெட் வாங்கியவர்களில் பெரும்பாலோர் விமானம் ஏறப்போவதில்லை.

வெளிநாட்டுப் படப்பிடிப்பு உல்லாசப் பயணம் அல்ல. இத்தகைய படங்களில் தெரு, கடற்கரை, பாட்டு, துரத்தல் இவற்றை அங்கே எடுத்துவிட்டு, அறைக் காட்சிகளை ஊர் திரும்பித் தளத்தில் எடுப்பார்கள். கதவைத் திறப்பது ஒரு நாட்டில், உள்ளே காலெடுத்து வைப்பது இன்னொரு நாட்டில். அதே புடவை, அதே வளையல், அதே பக்கம் விழுந்த முடி. ஒரு போட்டோ எடுத்து வைக்காவிட்டால் இரண்டு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது. கொழும்பில் ஈரக்காற்று. குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை நேரே வெளியே கொண்டுவந்தால் லென்ஸில் பனி படரும். அரை மணியாவது பெட்டியிலேயே வைத்துச் சூடு சமப்பட விட வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஜனவரி முதல் மார்ச் வரை எடுத்தால் பிழைத்தீர்கள். இவற்றையெல்லாம்விடப் பெரிய பயம், எடுத்ததை அங்கே பார்க்க முடியாதது. கேமராவின் வாயிலில், அதாவது பிலிமில் ஒளி விழும் திறப்பில், ஒரு மயிரிழை மாட்டியிருந்தால், லேபில் கழுவிய பிறகுதான் தெரியும். அதற்குள் எல்லாரும் வீடு வந்து சேர்ந்திருப்பார்கள். அதனால்தான் ஒவ்வொரு நல்ல ஷாட் முடிந்ததும் உதவியாளர் லென்ஸைக் கழற்றி வாயிலைப் பார்த்த பிறகே அடுத்ததற்கு நகர்வார்கள்.

தொண்ணூறுகளிலும் அவர் நிற்கவில்லை. 1993இல் 'ஹாத்தி மேரே சாத்தி'; பெயரைக் கேட்டதும் நமக்கு இந்தியில் தேவர் பிலிம்ஸ் எடுத்த படம்தான் ஞாபகம் வரும். 1995இல் 'முண்டா பிக்ரா ஜாயே', 1999இல் 'பல் தோ பல்'. 2010இல் மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டு நெடுநாள் படுக்கையில் இருந்தார். 2016 ஆகஸ்ட் 5 அன்று லண்டனில் காலமானார்.

இணையத்தில் தேடினால் 'கைதி'யின் அந்தப் பாட்டுக் காட்சி கிடைக்கும். முதல் தடவை பாட்டைக் கேளுங்கள். இரண்டாம் தடவை ஒலியை அணைத்துவிட்டு அவருடைய தொண்டையை மட்டும் பாருங்கள். பிறகு, கையோடு, 'மிஸ் கொழும்பு'வில் ஒரு துரத்தல் காட்சியையும் பார்த்துவிடுங்கள்.

வணக்கம்.